கண்ணில் படாத எதிர்த்தரப்பு: ட்விட்டரில் நடந்த ஒரு மாதச் சோதனையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 அக்டோபரில், அமெரிக்காவில் வாரத்துக்குக் குறைந்தது மூன்று முறையாவது ட்விட்டரை (இன்றைய எக்ஸ் தளத்தை) திறந்து பார்க்கும் பழக்கமுள்ள 1,652 பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கப்பட்டது. அவர்களில் 901 பேர் தாராளவாதம் பக்கம் சாயும் ஜனநாயகக் கட்சி சார்பானவர்கள், 751 பேர் பழமைவாதம் பக்கம் சாயும் குடியரசுக் கட்சி சார்பானவர்கள். ஒரு வாரம் கழித்து, அவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பகுதியினருக்கு, முந்தைய கணிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாததுபோல் ஓர் அழைப்பு போனது. குறிப்பிட்ட ஒரு ட்விட்டர் கணக்கை ஒரு மாதம் பின்தொடர்ந்தால் 11 டாலர் தரப்படும். அந்தக் கணக்கு நாளொன்றுக்கு 24 பதிவுகளை ரீட்வீட் செய்யும். எதைப் பற்றிய பதிவுகள் என்பது மட்டும் அழைப்பில் சொல்லப்படவில்லை.

கணக்கை இயக்கியது ஒரு கணினி நிரல். ஜனநாயகக் கட்சி சார்பானவர்கள் பின்தொடர்ந்த கணக்கு பழமைவாதத் தரப்பின் பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டியது. குடியரசுக் கட்சி சார்பானவர்கள் பின்தொடர்ந்த கணக்கு தாராளவாதத் தரப்பின் பதிவுகளைக் கொட்டியது. பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்களோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அதனால் அந்தத் தானியங்கிக் கணக்கு தினமும் இரண்டு முறை ஒரு விலங்கின் படத்தை இடும். வாராந்தர வினாக்களை அனுப்புவதற்குச் சற்று முன்பாக அந்தப் படங்கள் நீக்கப்பட்டுவிடும். 'இந்த வாரம் என்ன விலங்கு வந்தது?' என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னவர் உண்மையிலேயே டைம்லைனைப் பார்த்திருக்கிறார் என்று பொருள். வாராவாரம் பதில் சொன்னவர்களுக்குக் கூடுதல் தொகையும் உண்டு. மாதம் முடிந்ததும் முதலில் கேட்ட அதே அரசியல் கேள்விகள், ஏழு படிகள் கொண்ட அதே அளவுகோலில், மறுபடியும் கேட்கப்பட்டன.

டியூக் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கிறிஸ் பெயில் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட முடிவு பலருடைய எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. தாராளவாதப் பதிவுகளை ஒரு மாதம் படித்த குடியரசுக் கட்சியினர், முன்பைவிடக் கணிசமாகப் பழமைவாதப் பக்கம் நகர்ந்திருந்தார்கள். கணக்கை ஒழுங்காகப் படித்தவர்களிடம் அந்த நகர்வு இன்னும் கூடுதலாக இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பழமைவாதப் பதிவுகளைப் படித்த ஜனநாயகக் கட்சியினர் சற்றே தாராளவாதப் பக்கம் சாய்ந்ததாகத் தெரிந்தாலும், புள்ளியியல்படி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எந்தத் தரப்பும் மறுதரப்பை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

இந்த முடிவை வைத்து, 'எதிர்க்கருத்தைக் காட்டினால் மனிதர்கள் இன்னும் பிடிவாதக்காரர்களாகிறார்கள்' என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். இன்றும் அப்படித்தான் அது மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வாசிப்பு எனக்கு உடன்பாடானதல்ல. அந்தச் சோதனையில் காட்டப்பட்டது எதிர்க்கருத்தா, எதிர்க்கருத்தின் ஒரே ஒரு வகையா என்பதைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வர முடியாது.

அந்தத் தானியங்கிக் கணக்குகள் 4,176 கணக்குகளின் பதிவுகளிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டன. அவை மக்கள் பிரதிநிதிகள், கருத்துத் தலைவர்கள், ஊடக நிறுவனங்கள், தொண்டமைப்புகள் ஆகியோரின் கணக்குகள். அரசியலில் முழுநேரமாக இருப்பவர்கள், தங்கள் தரப்பைத் தூக்கிப்பிடிப்பதையே பணியாகக் கொண்டவர்கள். 'எனக்கு இந்தக் கட்சிதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று சொல்லக்கூடிய சாதாரண மனிதர் அந்தப் பட்டியலில் இடம்பெற வழியே இல்லை. 1954-இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், இரு குழுக்களுக்கிடையே தொடர்பு ஏற்பட்டால் பகை குறையும் என்று சொன்னபோது, அதற்குச் சில நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னார்: இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், கூடிச் செய்யும் வேலை வேண்டும், நிறுவனத்தின் ஆதரவு வேண்டும். தினமும் 24 முறை ஒலிபெருக்கியைக் காதருகில் வைப்பதில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை.

ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ட்விட்டரில் எதிர்த்தரப்பு எப்படித் தென்படுகிறதோ, ஏறக்குறைய அப்படியேதான் அவர்கள் அதைக் காட்டினார்கள். நாம் கேட்க வேண்டியது அடுத்த கேள்வி: எதிர்த்தரப்பில் இருக்கும் நிதானமான மனிதர் ஏன் நம் டைம்லைனுக்கு வந்து சேர்வதில்லை? அவர் எழுதுவதில்லை என்பதும், எழுதினாலும் அது கொண்டுசேர்க்கப்படுவதில்லை என்பதும் இதற்கு இரண்டு காரணங்கள். இரண்டாவதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். முதலாவதுதான் கனமானது என்று நான் கருதுகிறேன்.

அழிக்கப்பட்ட வரிகள்

2012-இல் ஃபேஸ்புக்கில் 39 லட்சம் பயனர்களின் நடத்தை 17 நாட்களுக்குக் கவனிக்கப்பட்டது. சௌவிக் தாஸ், ஆடம் கிரேமர் என்ற இருவர் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. எழுதும் பெட்டியில் குறைந்தது ஐந்து எழுத்துகளைத் தட்டிவிட்டு, பத்து நிமிடங்களுக்குள் வெளியிடாமல் விட்டால், அது கடைசி நேரச் சுயதணிக்கை என்று கணக்கிடப்பட்டது. என்ன எழுதினார்கள் என்பது பதிவாகவில்லை. எழுதிவிட்டு விட்டார்கள் என்பது மட்டுமே பதிவானது. அந்த 17 நாட்களில் 71 சதவீதம் பேர் ஒரு முறையாவது அப்படிச் செய்திருந்தார்கள். மற்றவர் பதிவின் கீழ் எழுதும் பின்னூட்டங்களைவிட, தாமாகத் தொடங்கும் பதிவுகளே அதிகமாகக் கைவிடப்பட்டன. பின்னூட்டம் இடும்போது யார் படிக்கப்போகிறார்கள் என்று ஓரளவு தெரியும். புதிய பதிவு எழுதும்போது மேலதிகாரியும் மாமாவும் பள்ளித் தோழனும் முகம் தெரியாதவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அழிப்பது எப்படி நடக்கிறது என்பதை என்னுடைய ஒரு பதிவை வைத்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அப்போது சூடாக விவாதிக்கப்பட்ட ஒரு சட்டத் திருத்தத்தை ஆதரித்து எட்டு வாக்கியங்கள் எழுதினேன். ஐந்தாவது, ஆறாவது வாக்கியங்கள், எதிர்ப்பவர்கள் எழுப்பும் ஓர் ஆட்சேபணையில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டவை. வெளியிடுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது. 'நீங்களுமா?' என்று கேட்கக்கூடிய நான்கைந்து நண்பர்களின் முகங்கள் வந்து போயின. எதிர்த்தரப்பினரின் முகம் ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பயம் முழுக்க என் தரப்பைப் பற்றியதாகவே இருந்தது. இரண்டு வாக்கியங்களையும் அழித்தேன். மீதி ஆறு வாக்கியங்கள் இன்னும் கச்சிதமாக, இன்னும் உறுதியாகத் தெரிந்தன. வழக்கமாக எனக்குக் கிடைப்பதைவிட மூன்று மடங்கு விருப்பக்குறிகள் விழுந்தன.

சொந்தத் தரப்பைப் பற்றிய இந்தப் பயத்தை ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நியூமன் 1974-லேயே 'மௌனச் சுருள்' என்ற பெயரில் விவரித்துவிட்டார். தன் கருத்து சிறுபான்மையானது என்று நினைப்பவர் தனிமைப்பட அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூடிக்கொண்டதால் அந்தக் கருத்து உண்மையில் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரிகிறது. அதைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்கிறார். இணையம் வந்தால் இந்தச் சுருள் அவிழ்ந்துவிடும், யாரும் எதையும் சொல்லலாம் என்ற நம்பிக்கை தொடக்கத்தில் இருந்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013-இல் 1,801 அமெரிக்கர்களிடம் கேட்டு 2014-இல் வெளியிட்ட கணிப்பு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய அரசுக் கண்காணிப்பு விவகாரத்தைப் பற்றி நேரில் பேசத் தயார் என்றவர்கள் 86 சதவீதம். ஃபேஸ்புக், ட்விட்டர் பயன்படுத்துவோரில் அங்கே அதைப் பற்றி எழுதத் தயார் என்றவர்கள் 42 சதவீதம் மட்டுமே. ஃபேஸ்புக்கை அடிக்கடி பயன்படுத்துவோர், நண்பர்கள் கூடும் இடங்களில் நேரில் பேசவும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தயங்கினார்கள் என்பது இந்தக் கணிப்பில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த செய்தி. திரையில் பழகிய மௌனம் திரைக்கு வெளியேயும் கூடவே வருகிறதோ என்னவோ.

இங்கே என் வாதத்துக்குச் சங்கடம் தரும் ஒரு தகவலையும் சொல்லியாக வேண்டும். முன்பு சொன்ன 2013 ஃபேஸ்புக் சுயதணிக்கை ஆய்வில், அரசியலிலும் வயதிலும் பலதரப்பட்ட நண்பர்களை உடையவர்கள் பொதுவாகக் குறைவாகவே தங்களைத் தணிக்கை செய்துகொண்டார்கள். அப்படியானால், வேறு கருத்துடையவர்கள் பார்க்கிறார்கள் என்பதே வாயை அடைப்பதில்லை. ஒரே மாதிரியானவர்கள் சூழ்ந்திருக்கும்போது, அந்தக் கூட்டத்தின் எதிர்பார்ப்பிலிருந்து வழுவிவிடக் கூடாது என்ற அச்சம் கூடுவதற்கு வாய்ப்பிருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன். என் எட்டு வாக்கியங்களுக்கு நேர்ந்ததோடு அது பொருந்துகிறது. ஆனாலும் எதை அழித்தார்கள் என்பது பதிவாகாத ஒரு தரவின்மேல் நின்று சொல்லும் விளக்கம் இது என்பதை மறைப்பதற்கில்லை.

எழுதுகிறவர்கள் யார்

மற்றவர்கள் அழித்துவிட்டுப் போனபின் மிஞ்சுவது என்ன? பியூ மையம் 2019-இல் அமெரிக்க ட்விட்டர் பயனர்களைப் பற்றிச் செய்த ஆய்வின்படி, தேசிய அரசியலைக் குறிப்பிடும் பதிவுகளில் 97 சதவீதம், பயனர்களில் 10 சதவீதம் பேரிடமிருந்து வந்தன. மற்ற 90 சதவீதம் பேரும் வாக்களிக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், அரசியலைப் பற்றி அவர்களுக்கும் கருத்து உண்டு. ஆனால் 'எதிர்த்தரப்பு இப்படித்தான் பேசும்' என்று நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் சித்திரத்தில் அவர்கள் தீட்டிய கோடு ஏறக்குறைய இல்லவே இல்லை.

அந்தப் பத்து சதவீதத்தினரும் பிறவியிலேயே கோபக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிரேடி, மோலி கிராக்கெட் ஆகியோர் 7,331 ட்விட்டர் பயனர்களின் 1.27 கோடிப் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்குகின்றன. தார்மீகச் சீற்றம் வெளிப்பட்ட பதிவுகளுக்குக் கூடுதல் விருப்பக்குறியும் பகிர்வும் கிடைத்தவர்கள், அடுத்தடுத்த பதிவுகளில் கூடுதலாகச் சீறினார்கள். பாராட்டு கிடைத்த குரலையே நாக்கு மறுபடி தேடிப் போகிறது. மொத்தச் சீற்றத்தின் அளவு தீவிர நிலைப்பாடு கொண்டவர்களின் வட்டங்களில் அதிகம்தான். ஆனால் விருப்பக்குறிக்கு ஏற்பத் தம் குரலை மாற்றிக்கொள்ளும் பண்பு மிதமான வட்டங்களில் இருப்பவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது. தீவிரமானவர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கிறார். மிதமானவருக்கோ முன்னால் இரண்டு வழிகள்தான் விரிகின்றன: வெளியேறி மௌனமாவது, அல்லது கத்தக் கற்றுக்கொள்வது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் மிதமான குரல் ஒன்று குறைகிறது.

தளங்களின் வடிவமைப்பு இந்தப் பாடத்தை விரைவுபடுத்துகிறது. ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் 2021-இல் வெளியானபோது, 2017 முதல் அங்கே கோபம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒருவர் கோபக்குறி இட்டால், அந்தப் பதிவு ஐந்து பேருக்குப் பிடித்ததற்குச் சமமாகக் கணக்கிடப்பட்டு மேலே ஏற்றப்பட்டது. கோபக்குறியின் மதிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020 செப்டம்பரில்தான் பூஜ்யமாக்கப்பட்டது. எதிர்த்தரப்பின் பதிவு நம்மிடம் வரும்போது அதைப் படித்துக் கொதித்தவர்களின் கைகளால் தள்ளப்பட்டே வருகிறது என்பதை நினைவில் கொண்டால், டியூக் சோதனையில் குடியரசுக் கட்சியினர் நகர்ந்த திசை அவ்வளவு வியப்பாக இல்லை.

குமிழி எவ்வளவு பெரியது

2011-இல் எலி பாரிசர் 'வடிகட்டிக் குமிழி' என்ற சொற்றொடரைப் பரவலாக்கியதிலிருந்து, நமக்கு உடன்பாடானவை மட்டுமே நம்மிடம் வருகின்றன என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஃபேஸ்புக்கின் ஒத்துழைப்போடு பிரெண்டன் நைஹனும் பிறரும் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த எண்ணத்தைப் பாதி உறுதிசெய்து பாதி கலைத்தது. பயனர்களை வரிசைப்படுத்தினால் சரிநடுவில் நிற்கும் ஒருவர் பார்த்தவற்றில் 50.4 சதவீதம் ஒத்த கருத்துடைய நண்பர்கள், பக்கங்கள், குழுக்களிடமிருந்து வந்தவை, 14.7 சதவீதம் எதிர்த்தரப்பிலிருந்து வந்தவை. மீதி இரண்டிலும் சேராதவை. அதே ஆய்வில் 23,377 பேரில் ஒரு பகுதியினருக்கு, மூன்று மாதங்களுக்கு ஒத்த கருத்துடைய தரப்பிலிருந்து வருபவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டன. அவர்களுடைய கட்சிப் பகையிலோ தீவிரத்திலோ அளவிடத்தக்க மாற்றம் ஏதும் ஏற்படவில்லை.

இரண்டு சோதனைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், டியூக் குழு எதிர்த்தரப்பைக் கூட்டியது, ஃபேஸ்புக் குழு சொந்தத் தரப்பைக் குறைத்தது. முதலாவதில் ஒரு தரப்பின் பிடிவாதம் வளர்ந்தது, இரண்டாவதில் ஒன்றும் அசையவில்லை. விகிதத்தை மாற்றுவதால் மட்டும் மனம் மாறாது என்பது வரை நிச்சயமாகச் சொல்லலாம். இவை இரண்டு கட்சிகளே கோலோச்சும் ஒரு நாட்டில், ஒரு மாதமும் மூன்று மாதமும் நடந்தவை என்பதால், பல கட்சிகள் உள்ள நாடுகளுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. டியூக் சோதனையில் கட்சி சாராதவர்கள் சேர்க்கப்படவே இல்லை என்பதும் கவனத்துக்குரியது. நான் தேடும் நிதானமான மனிதர்களில் பலர் ஒருவேளை அங்கேதான் இருந்திருப்பார்கள்.

கூட்டம் இல்லாத அறை

கிறிஸ் பெயிலும் அவருடைய சகாக்களும் அதோடு நிறுத்திவிடவில்லை. பின்னர் அவர்கள் ஒரு கைபேசிச் செயலியை உருவாக்கி, எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இருவர் இருவராக இணைத்து, சர்ச்சைக்குரிய ஒரு கொள்கையைப் பற்றி உரையாடச் செய்தார்கள். உண்மைப் பெயர் கிடையாது, பார்வையாளர் கிடையாது, பகிரும் பொத்தானும் விருப்பக்குறி எண்ணிக்கையும் கிடையாது. 2023-இல் வெளியான முடிவின்படி, அதே தலைப்பில் தனியாகக் கட்டுரை எழுதியவர்களைவிட, உரையாடியவர்களிடம் பகையுணர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. உரையாடல் எவ்வளவு நாகரிகமாக நடந்ததோ அதற்கேற்பக் குறைவும் கூடியது.

பெயரை மறைத்தால் மனிதர்கள் மோசமாவார்கள் என்பது நம் எல்லோருடைய அனுபவமும்கூட. முகமூடி அணிந்த வசவாளர்கள் எத்தனை பேரை எழுதவிடாமல் துரத்தியிருக்கிறார்கள் என்பதை, குறிப்பாகப் பெண்களைத் துரத்தியிருக்கிறார்கள் என்பதை, மறந்துவிட்டு இந்த முடிவைக் கொண்டாட முடியாது. ஆனால் அந்த வசவுகளும் ஒரு கூட்டத்தின் முன்தான் நடக்கின்றன. செயலியில் பெயரோடு சேர்ந்து கூட்டமும் நீக்கப்பட்டிருந்தது. எதிரில் இருப்பவர் ஒருவரே, அவரும் பதில் சொல்லக் காத்திருக்கிறார் என்னும்போது, யாருக்கும் எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. தளங்களை உருவாக்குகிறவர்கள் எதிர்க்கருத்தின் சதவீதத்தைக் கூட்டுவதில் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கையாவது, இருவர் மட்டும் பேசக்கூடிய இத்தகைய அறைகளைப் பொதுவெளியோடு இணைப்பதில் செலவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

என் ஆறு வாக்கியப் பதிவு வெளியான அன்று இரவு, முன்பு என்னோடு பணியாற்றிய, வயதில் மூத்த ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். அந்தச் சட்டத் திருத்தத்தை அவர் எதிர்ப்பவர் என்பது எனக்குத் தெரியும். "தம்பி, நீங்க எழுதுனதுல ஒரு இடம் மட்டும் எனக்கு இடிக்குது. கீழ வந்து சொல்ல மனசு வரல, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கி, தம் ஆட்சேபணையை எழுதியிருந்தார். நான் அழித்த ஐந்தாவது, ஆறாவது வாக்கியங்கள்தான் அவை, ஏறக்குறைய அதே சொற்களில்.

"இதையே நீங்க கீழ எழுதியிருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

"எழுதினா உங்க ஆளுங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. நான் இவ்வளவு பதமா எழுதினதப் பாத்துட்டு, உங்களுக்கு ஒத்து ஊதுறேன்னு எங்க ஆளுங்களே சொல்லுவாங்க" என்றார்.

அழித்ததை அவரிடம் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் திருத்தத்தில் எந்த இடம் எப்படி அமைந்திருந்தால் இருவருமே ஏற்றிருப்போம் என்பது வரை வந்துவிட்டோம். அந்தப் பதிவு இன்னும் என் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதன் கீழுள்ள பின்னூட்டங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்த இரண்டு வாக்கியங்கள் எதிலும் இல்லை.